பெரியவரைப் பற்றி நான் மறைத்தது

அமெரிக்க உளவியலாளர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தது நான் அல்ல. லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கூடும் எங்கள் முதியோர் சங்கம்தான் அந்தத் திருப்பணியைச் செய்தது. யாழ்ப்பாணத்தில் ஓர் ஊரில் ஒரே பெயரில் ஆறு பேர் இருப்பார்கள். பட்டம் வைக்காவிட்டால் யார் யாரென்று தெரியாது. அந்தப் பழக்கம் கடல் தாண்டியும் விட்டுப்போகவில்லை. நான் சொன்ன வெள்ளைக்காரப் பெயர்கள் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. மூன்றாவது வாரத்துக்குள் அமெரிக்காவின் பெரும் அறிஞர்கள் புறாக்காரர், குரங்குக்காரர், காதுக்காரர் என்று ஆகிவிட்டார்கள்.

சங்கத்தின் செயலாளர்தான் என்னைப் பிடித்தவர். நான் பதினெட்டு வருடமாக ஆஸ்பத்திரிகளிலும் மனநல நிலையங்களிலும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் நின்று பேசுகிற வேலை செய்பவள். "நீங்கள் உந்த மனசு சம்பந்தமான இடங்களிலை நிக்கிற ஆள்தானே, கிழமைக்கு அரை மணித்தியாலம் ஏதாவது சொல்லுங்கோவன்" என்றார். வியாதிகளைப் பற்றிப் பேசினால் மண்டபம் காலியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். "எங்களுக்கு அப்பிடி ஒண்டுமில்லை" என்று எல்லாரும் தேத்தண்ணிப் பக்கம் போய்விடுவார்கள். ஆனால் ஊரான் வீட்டுக் கதை என்றால் எங்கள் ஆட்கள் அசைய மாட்டார்கள். நூலகத்தில் அமெரிக்க உளவியலாளர்களின் வாழ்க்கைகளைச் சொல்லும் தடித்த புத்தகம் ஒன்று அகப்பட்டது. அதையே கிழமைக்கு ஓர் ஆளாகச் சொல்லத் தொடங்கினேன்.

புறாக்காரர் ஒரு பெட்டிக்குள் புறாவை விட்டு, சரியான இடத்தில் கொத்தினால் தானியம் விழச் செய்தவர். யுத்த காலத்தில் குண்டுகளுக்கு வழிகாட்டப் புறாக்களைப் பழக்கியவர் என்றதும் மண்டபம் சிரித்தது. இராணுவத்து அதிகாரிகளும் அப்படித்தான் சிரித்தார்களாம். அவர் தன் இளைய மகளுக்குக் கண்ணாடி வைத்த, இதமான சூடுள்ள ஒரு தொட்டில் செய்து கொடுத்தார். "அந்தப் பிள்ளைக்குப் பிறகு விசர் பிடிச்சதாம், வாட்ஸ்அப்பிலை வந்தது" என்று ஒருவர் எழும்பினார். அது பொய், மகள் நன்றாகவே வாழ்ந்தார் என்று சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஒவ்வொரு முறையும் தானியம் விழுந்தால் புறா அவசரமில்லாமல் ஆறுதலாகக் கொத்தும், எப்போது விழும் என்று தெரியாதபோதுதான் ஓயாமல் கொத்தும் என்று விளக்கினேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அது நாங்கள்தான். குரோய்டன் குடிவரவுக் கந்தோரிலையிருந்து கடிதம் வருமெண்டு ஏழு வருஷம் கதவடியைப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்." 

குரங்குக்காரர் குட்டிக் குரங்குகளைத் தாயிடமிருந்து பிரித்தவர். கம்பியால் ஒரு தாய், துணி சுற்றிய ஒரு தாய் என்று இரண்டு பொம்மைகள் செய்தார். கம்பித் தாயிடம் பால் போத்தல் இருந்தது. குட்டிகள் பாலுக்கு மட்டும் அங்கே போய், மற்ற நேரமெல்லாம் துணித் தாயையே கட்டிக்கொண்டு கிடந்தன. பிள்ளையைத் தூக்கினால் பழுதாகிவிடும் என்று படித்தவர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அதை உடைத்தவர் அவர்தான். "உதுக்கேன் குரங்கைப் போட்டுப் படுத்தினவர்? எங்களைக் கேட்டிருக்கலாமே" என்றார் ஓர் அம்மா. அவர் பிறகு செய்த கொடிய பரிசோதனைகளைச் சொன்னேன். ஆனால் அவர் பிற்காலத்தில் தானே மனம் இடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொல்லவில்லை. நேரம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது.

மூன்றாமவர் காதுக்காரர். இவர் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி. பண்ணை வீட்டில், சீட்டாட்டமும் கூத்தும் கூடாது என்ற கண்டிப்பான பெற்றோரிடம் வளர்ந்து, முதலில் விவசாயம் படித்து, பிறகு மதகுருவாகப் படித்து, அதையும் விட்டு உளவியலுக்கு வந்தவர். அவர் கண்டுபிடித்தது ஒரு சின்ன விஷயம். வந்தவருக்குப் புத்தி சொல்லாதே, தீர்ப்புச் சொல்லாதே, அவர் சொன்னதை முழுதாகக் கேட்டு, கேட்டேன் என்று அவருக்குத் தெரியும்படி திருப்பிச் சொல் என்பதுதான். "கிளிப்பிள்ளை வேலை எல்லோ" என்றார் செயலாளர். வயதான காலத்தில் சண்டை நடக்கும் நாடுகளுக்குப் போய் எதிரெதிர் ஆட்களை ஒரே அறையில் இருத்திப் பேச வைத்தவர் என்றேன். "எங்கடை நாட்டுக்கு வரேல்லையோ?" என்று யாரோ கேட்டார்கள். வரவில்லை.

கிளிப்பிள்ளை வேலை என்றது எனக்குச் சுட்டது. என்னுடைய வேலையும் அதுதான். எங்கள் தொழிலின் விதி, சொன்னதைச் சொன்னபடி சொல்வது. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, இனிப்பாக்கவும் கூடாது. நோயாளி தூஷணத்தால் பேசினால் நானும் அதே கெட்ட வார்த்தையை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சொல்லியிருக்கிறேன், டொக்டரின் முகம் சிவக்கச் சிவக்க. எனக்கு வாய் நீளம் என்று ஊரிலும் பெயர், இங்கேயும் பெயர். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்பில் நான்தான் பாடம் எடுப்பேன். "நீங்கள் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அபிப்பிராயம் கிடையாது" என்பேன். எவ்வளவு பெருமை எனக்கு!

போன வருடம், குளிர் தொடங்கிய நேரம், ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேலைக்குப் போயிருந்த மனநல நிலையத்துக்கு அவர் வந்தார்.

அறுபத்தைந்து வயதிருக்கும். நன்றாக ஸ்திரி போட்ட சேட்டு, அதன் மேல் பெரிய குளிர்ச்சட்டை. இருபத்தைந்து வருடம் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகவில்லை. நித்திரை இல்லை என்று போனவரைக் குடும்ப வைத்தியர் இந்த நிலையத்துக்கு அனுப்பியிருந்தார். உள்ளே இருந்த உளவியலாளர் இளம் ஆங்கிலேயப் பெண். நல்ல பிள்ளை. அவருடைய கையில் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம். அதுவும் அமெரிக்காவில் பிறந்து உலகம் முழுக்கப் போன படிவம்தான். கடந்த இரண்டு கிழமைகளில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்டு, சைபரிலிருந்து மூன்று வரை ஒரு எண்ணை வட்டமிட வேண்டும்.

எட்டுக் கேள்விகள் ஒழுங்காகப் போயின. சாப்பாடு, நித்திரை, களைப்பு, கவனம். அவர் தலையைக் குனிந்தபடி சுருக்கமாகப் பதில் சொன்னார். ஒன்பதாவது கேள்வி வந்தது. இறந்துபோனால் நல்லது என்றோ, தனக்குத் தானே ஏதாவது செய்துகொள்ள வேண்டும் என்றோ எத்தனை நாள் நினைத்தீர்கள்? உளவியலாளர் அதை மெதுவாக, தெளிவாக, அவருடைய முகத்தைப் பார்த்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

இந்தக் கேள்வியை நான் எத்தனையோ பேரிடம் மொழிபெயர்த்திருக்கிறேன். எப்படி மொழிபெயர்த்தேன் என்று அதுவரைக்கும் நான் யோசித்ததில்லை. எங்கள் வீட்டில் யாரும் வெளியே போகும்போது 'போறன்' என்று சொல்ல விடமாட்டார்கள். 'போட்டு வாறன்' என்றுதான் சொல்ல வேண்டும். வாயில் கெட்ட சொல் வந்தால் அது பலித்துவிடும் என்ற பயத்தோடு வளர்ந்தவர்கள் நாங்கள். மனைவியைப் பறிகொடுத்த, என்னைவிட மூத்த ஒரு மனுசனின் முகத்தைப் பார்த்து, "செத்தால் நல்லம் எண்டு நினைக்கிறியளோ?" என்று கேட்பது எப்படி? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி ஆகிவிட மாட்டேனா?

இதையெல்லாம் அப்போது யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திரும்பியது. "அண்ணை, எப்பவாவது சீவியம் சலிச்சுப் போச்சு எண்டு மனசு வெறுத்தது மாதிரி இருந்ததோ?" என்று கேட்டேன்.

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். உளவியலாளரை அல்ல, என்னை.  பிறகு, "சலிப்பு இல்லாமல் ஆர் இருக்கினம் தங்கச்சி? அப்பிடி ஒண்டுமில்லை" என்றார்.

நான் ஆங்கிலத்தில் "இல்லை" என்றேன். ஒரே சொல். உளவியலாளர் சைபரைச் சுற்றி வட்டம் போட்டார். அந்த வட்டத்தின் விளைவு என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பதாவது கேள்விக்குச் சைபர் என்றால் சாதாரணக் காத்திருப்பு வரிசை. ஆறு மாதம், சில வேளை கூடவும் ஆகும். வேறு எண் என்றால் உளவியலாளர் படிவத்தை மேசையில் வைத்துவிட்டு அங்கேயே பேசத் தொடங்குவார், அன்றைக்கே ஏற்பாடு நடக்கும்.

அவர் எழுந்து குளிர்ச்சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். "அப்ப நான் போறன்" என்றார். நான் அதை "நன்றி, வணக்கம்" என்று மொழிபெயர்த்தேன்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில், மேல்தட்டில் முன் இருக்கையில் இருந்தபோதுதான் அந்தப் 'போறன்' என் காதில் விழுந்தது. காதில் விழுந்தது முன்னரே, மண்டையில் விழுந்தது அப்போதுதான். எங்கள் ஊரில் அறுபத்தைந்து வயது ஆள் ஒருவர் 'போறன்' என்று சொல்லி விடைபெற மாட்டார்.  கைப்பேசியை எடுத்து நிலையத்தின் எண்ணைத் திரையில் கொண்டுவந்தேன். அழுத்தவில்லை.

ஏன் அழுத்தவில்லை என்று நேராகவே எழுதுகிறேன். அழுத்தினால், நான் கேள்வியை மாற்றினேன் என்று சொல்ல வேண்டும். பதினெட்டு வருடத்தில் ஒரு முறைப்பாடு இல்லாதவள், மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள், கண்ணாடி. அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் அலுப்பில் ஏதோ சொல்லியிருப்பார், எல்லாரும் பார்த்துப் பார்த்தா பேசுகிறார்கள் என்று எனக்கே நான் வக்கீலாக வாதாடினேன். பத்து நாள் அந்த வழக்கு ஓடியது. ஒவ்வொரு நாளும் நான்தான் வென்றேன். ஒவ்வொரு நாளும் சமைத்ததில் பாதியைக் குப்பையில் கொட்டினேன்.

அந்தப் பத்து நாளும்தான் நான் நான்காமவரைப் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் உளவியலை முதன்முதல் ஒரு பாடமாகக் கற்பித்தவர். பின்னால் வந்த எல்லாருக்கும் ஒருவகையில் மூத்தவர் என்பதால் இவருக்கு மட்டும் நானே பெரியவர் என்று பெயர் வைத்தேன். பணக்காரக் குடும்பம். மருத்துவம் படித்தும் வைத்தியம் பார்க்காதவர். இளம் வயதில் முதுகு வருத்தம், கண் வருத்தம். அதற்குக் கீழே யாருக்கும் காட்டாத ஒரு இருட்டு. இருபதுகளின் கடைசியில் அவர் சாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார். தன்னைத் தான் முடித்துக்கொள்வதைப் பற்றி நினைத்தார். ஒரு நாள் மாலை திடீரென்று, மனநோய் விடுதியில் முன்பு பார்த்த ஒரு நோயாளியின் உருவம் கண் முன் வந்து, நானும் இவனாகிவிடலாம் என்ற பயம் பிடித்து உலுக்கியது. மாதக்கணக்கில் தனியாக இருட்டுக்குள் போகப் பயந்தார். அவருடைய தாய் எப்போதும் சந்தோஷமான மனுசி. அந்தச் சந்தோஷத்தைக் குழப்பக் கூடாது என்று அவர் வாயைத் திறக்கவே இல்லை.

பல வருடங்களுக்குப் பிறகு அந்தப் பயத்தை அவர் எழுதினார். ஆனால் தன் அனுபவம் என்று எழுதவில்லை. யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் தனக்கு எழுதியது என்றும், தான் அதை மொழிபெயர்த்துத் தருவதாகவும் எழுதினார். அந்தப் புத்தகத்தைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்க ஒருவர் வந்தபோதுதான், அந்தப் பிரெஞ்சுக்காரர் நானேதான் என்று அவரிடம் ஒப்புக்கொண்டார்.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். உலகத்தில் மொழிபெயர்ப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட முதல் ஆள் நான் இல்லை என்பது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. அவர் ஒளித்தது தன்னுடைய பயத்தை. நான் ஒளித்தது இன்னொருவருடையதை.

வெள்ளிக்கிழமைப் பேச்சுக்குக் குறிப்பு எழுதும்போது அந்தப் பகுதியை விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை நாள், முடிந்ததும் பாதிப் பேர் கோயிலுக்குப் போகிறவர்கள், அவர்கள் முன்னால் சாவைப் பற்றிப் பேசுவதா என்று காரணம் கண்டுபிடித்தேன். காரணம் கண்டுபிடிப்பதில் எனக்கு இணை இல்லை.

மண்டபத்துக்குள் போனபோது மூன்றாவது வரிசையில், நிலையத்துக்கு வந்த அந்த மனுசன் இருந்தார். அதே குளிர்ச்சட்டை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நிலையத்தில் பார்த்த ஒருவரை வெளியே கண்டால், அவராக வந்து பேசாதவரை தெரிந்தவள் போலக் காட்டக் கூடாது என்பது எங்கள் விதி. அவர் பேசவில்லை. நானும் தெரியாதவள் போல மேடைப் பக்கம் போனேன். உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதியில் கண் கலங்கியது. மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது போல நடித்தேன்.

பெரியவரின் கதையைச் சொன்னேன். "இளம் வயதில் கொஞ்சக் காலம் மனம் சோர்ந்திருந்தார்" என்றேன். பிறகு ஒரு நாள், என் மனம் என் சொல் கேட்கும் என்று நம்புவதாக அவர் தீர்மானித்தார் என்றும், அந்தத் தீர்மானத்திலிருந்துதான் எழும்பினார் என்றும் சொன்னேன். எழும்பி எவ்வளவு செய்தார்! பழக்கம் என்பது என்ன, கவனம் என்பது என்ன, மனம் துண்டு துண்டாக இல்லாமல் ஆறு போல ஓடுவது எப்படி என்று எழுதினார். பெண் என்ற ஒரே காரணத்துக்காகப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்க மறுத்த ஒரு மாணவியைத் தன் மிகச் சிறந்த மாணவர்களுள் ஒருவராகக் கருதினார். கைதட்டினார்கள். "உவர் பரவாயில்லை, குரங்கு கிரங்கு ஒண்டும் இல்லை" என்றார் செயலாளர்.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து அவர் கையை உயர்த்தினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல, முழங்கை காதோடு ஒட்ட.

"அந்தப் பெரியவர் மனஞ்சோர்ந்து இருந்த நேரத்திலை, செத்துப்போக வேணும் எண்டு நினைச்சவரோ?"

 முன்வரிசையில் ஓர் அம்மா, "வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் என்ன கதை இது, சிவ சிவா" என்றார். என் குறிப்பு என் கையில் இருந்தது. விட்டுப்போன பகுதி என் மண்டையில் எழுத்தெழுத்தாக நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லை, இல்லை. அப்பிடி ஒண்டுமில்லை" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்ப அவர் பெரியவர்தான்" என்று சொல்லிவிட்டு இருந்தார்.

தேத்தண்ணி வேளையில் அவரைத் தேடினேன். அவருடைய கதிரையில் தேத்தண்ணிக் கோப்பை மட்டும் இருந்தது. ஒரு மிடறும் குடிக்கப்படவில்லை. கதவோரம் நின்றவர்கள், அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார் என்றார்கள். எனக்கு அந்தக் கணத்தில் வந்தது இரக்கம் அல்ல, கோபம். என் மேலே. ஒரே பொய்யை ஒரே மனுசன் முன்னால் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். என் குளிர்ச்சட்டையைக்கூட எடுக்காமல் தூறலுக்குள் ஓடினேன்.

பஸ் தரிப்பிடத்தில் தனியாக நின்றார். என்னைக் கண்டதும் விலகி இடம் விட்டார். பஸ் ஒன்று வந்து நின்றது. அவர் ஏறப் போனார்.

"அண்ணை, நில்லுங்கோ. நான் பொய் சொன்னனான். அவர் நினைச்சவர்."

அவர் படியிலிருந்து காலை எடுத்தார். பஸ் போய்விட்டது. தரிப்பிடத்தின் அந்த ஒடுங்கிய சரிவுப் பலகையில் இருவரும் இருந்தோம், இல்லை, சாய்ந்து நின்றோம். இந்த ஊரில் அதில் யாராலும் ஒழுங்காக இருக்க முடியாது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாவு, பயம், தாய்க்குச் சொல்லாதது, பிரெஞ்சுக்காரர் என்று ஒளித்தது.

"கள்ளன்" என்றார். அவர் வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

பிறகு நான் ஒன்பதாவது கேள்வியைக் கேட்டேன். படிவத்தில் உள்ளபடி, கூட்டாமல், குறைக்காமல். "அண்ணை, செத்துப்போனால் நல்லம் எண்டு நினைக்கிறியளோ? இல்லாட்டி உங்களுக்கு நீங்களே ஏதும் செய்யவேணும் எண்டு?" நாக்கு இரும்பாக இருந்தது. ஆனால் சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை. ஒரு பெண் தள்ளுவண்டியில் பிள்ளையோடு எங்களைக் கடந்து போனார்.

"ஓம்" என்றார்.

"எத்தினை நாள்?"

"ஒவ்வொரு நாளும்." சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அண்டைக்குச் சொல்லத்தான் வந்தனான் தங்கச்சி. இருவத்தஞ்சு வருஷம் பெற்றோல் ஸ்டேஷனிலை நிண்டனான், அந்தப் பிள்ளை இங்கிலீசிலை கேட்டது எனக்கு வடிவாய் விளங்கினது. நீங்கள் அதை மாத்தினதும் விளங்கினது. மனசுக்குள்ளை உள்ளதை எனக்கு இங்கிலீசிலை சொல்ல ஏலாது, அதாலைதான் தமிழாள் வேணும் எண்டு கேட்டனான். தமிழாளுக்கு அதைக் கேக்கவே வாய் வரேல்லை எண்டால், நான் என்னண்டு சொல்லுறது?"

அந்த வார்த்தைகளை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். யாரும் என்னை இவ்வளவு அமைதியாக அடித்ததில்லை.

அவரிடம் கேட்டுக்கொண்டு, அங்கே நின்றபடியே நிலையத்துக்குப் போன் எடுத்தேன். வெள்ளிக்கிழமை நான்கு மணி, எடுப்பார்களோ என்று பயம். எடுத்தார்கள். உளவியலாளரிடம் முதலில் அவரைப் பற்றிச் சொன்னேன், பிறகு என்னைப் பற்றிச் சொன்னேன்.  "அவரைத் தனியாக விடாதீர்கள், நான் ஆட்களை அனுப்புகிறேன்" என்றார். அவருடைய வீட்டுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். அவசரப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வரும்வரை பக்கத்து வீட்டுக்காரரும் நானும் அவருடைய சமையலறையில் இருந்தோம். மனைவியின் மூக்குக்கண்ணாடி இன்னும் ஜன்னலோரத்தில், பெட்டிக்குள் போடாமல், கால் விரித்தபடி இருந்தது.

திங்கட்கிழமை நிலையம் அவரைக் கூப்பிட்டது. வேறு ஒரு மொழிபெயர்ப்பாளர் போனார். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் வேலை இல்லை, அதற்குப் பிறகு நான் பாடம் எடுத்த அதே வகுப்பில் மாணவியாக இருந்தேன். முன்வரிசையில். உளவியலாளர் என்னைத் தனியாகக் கண்டபோது, "அவரைப் பாதுகாக்க நினைத்துத்தானே செய்தீர்கள்" என்றார். நல்ல பிள்ளை என்று முன்பே சொன்னேன். இல்லை, நான் பாதுகாத்தது என்னை, அந்தச் சொல் என் வாயில் படாமல் பார்த்துக்கொண்டேன் என்று பதில் சொன்னேன். 

அடுத்த வெள்ளிக்கிழமை பெரியவரின் கதையை மறுபடி, முழுதாகச் சொன்னேன். போன கிழமை நான் சொன்னது பொய் என்றுதான் தொடங்கினேன். குரங்குக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் சேர்த்துச் சொன்னேன். நான்கைந்து பேர் எழும்பிப் போனார்கள். செயலாளர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் கோப்பை கழுவும் நேரத்தில், முன்வரிசையில் சிவ சிவா சொன்ன அந்த அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். காய்ந்துவிட்ட ஒரு கோப்பையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.  "அம்மா, என்ன?" என்றேன். "இன்னொரு நாளைக்குச் சொல்லுறன்" என்றார். இன்னும் சொல்லவில்லை. நான் கேட்பதை விடவில்லை.

இதை எழுதலாமா என்று அந்த அண்ணையிடம் கேட்டேன். "எழுதுங்கோ, பேரை மட்டும் போடாதேங்கோ" என்றார். அப்படியென்றால் ஒரு பட்டப்பெயர் வைக்கட்டுமா என்றேன். கொஞ்சம் யோசித்தார். "பிரெஞ்சுக்காரர் எண்டு போடுங்கோ" என்றார்.

அவர் சுகமாகிவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். எழுத மாட்டேன். இனி இனிப்பாக்குவதில்லை என்று எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். கிழமைக்கு ஒரு தடவை நிலையத்துக்குப் போகிறார். மருந்து எடுக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் முடிந்ததும் இருவரும் அதே தரிப்பிடத்துக்கு நடக்கிறோம். நான் அந்தக் கேள்வியை அப்படியே கேட்பேன். அவர் தன்னைத் தேடிப் பார்ப்பதுபோல் கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் சொல்வார். மாசி மாதம் ஒரு தடவை "ஓம்" என்றார். அன்றைக்கு மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு, நிலையத்து ஆட்களுக்கு அறிவித்து, அவர்கள் வரும்வரை நின்றோம்.

போன வெள்ளிக்கிழமை நான் கேட்க மறந்துபோனேன். மழை, கையில் பைகள், செயலாளரின் புதிய முறைப்பாடு ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்துவிட்டேன். பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. அவர் ஏறாமல் நின்றார்.

"இன்னும் நீங்கள் கேக்கேல்லை" என்றார்.

கேட்டேன். பஸ் சாரதி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு இல்லை, தங்கச்சி" என்று சொல்லிவிட்டு ஏறினார்.